கை நடுங்கினால் பைலட் ஆக முடியாதா?

சென்னையை அடுத்த ஆவடி இயந்திரங்களை நன்கு அறிந்த ஊர். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே இருக்கிறது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சிவிஆர்டிஇ ஆய்வகமும் இங்கேதான். தேஜஸ் போர் விமானத்தின் துணைக்கருவிகளை இயக்கும் கியர்பாக்ஸையும், தபஸ் ஆளில்லா விமானத்தின் உள்ளே மடங்கும் சக்கர அமைப்பையும் உருவாக்கியது அதே ஆய்வகம். விமானப்படை நிலையம் ஒன்றும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் பிளஸ் டூ முடித்த பெண்ணோ பையனோ பைலட் ஆக வேண்டும் என்று சொல்வதில் வியப்பில்லை. வீட்டில் முதலில் எழுவது செலவைப் பற்றிய கேள்வி. அடுத்து எழுவது, "தனியா ஓட்டணுமாமே, உனக்குப் பயமா இருக்காதா?" என்பது. செலவுக்குக் கடன், உதவித்தொகை என்று ஏதாவது வழி தேடலாம். பயத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் "தைரியமா இரு" என்பதைத் தாண்டிப் பதில் கிடைப்பதில்லை. அந்தப் பதில் போதாது. பல சமயம் அது தவறும்கூட. ஒரு மாணவர் தனியே பறக்கத் தயாரா என்பதை அவருடைய பயமும் சொல்லாது, அவர் பறந்த மணிக்கணக்கும் சொல்லாது. விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் மனத்தில் எவ்வளவு கவனம் மிச்சமிருக்கிறது என்பதே சொல்லும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உளவியலும் விமானப் பயிற்சியும் சேர்த்துவைத்த சான்றுகள் இந்த முடிவுக்குத்தான் நம்மைக் கொண்டுவருகின்றன.

முதல் சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் முதன்முறை தனியே பறப்பது, அளவில் மிகச் சிறிய பயணம். இந்தியாவில் 16 வயது நிறைந்தவர் மாணவர் பைலட் உரிமம் பெறலாம். அதன்பின் பயிற்றுநரோடு ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வருவதே தொடக்கப் பயிற்சியின் பெரும்பகுதி. சர்க்யூட் என்று அதைச் சொல்வார்கள். ஓடுபாதையிலிருந்து எழும்பி, திரும்பி, ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, மறுபடி இருமுறை திரும்பி அதே பாதையில் இறங்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஆறேழு நிமிட வேலை. அந்த ஆறேழு நிமிடத்துக்குள் வேகம், உயரம், திசை மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டும். கண்ட்ரோல் டவரோடு பேச வேண்டும். முன்னால் போகும் விமானத்தைத் தேட வேண்டும். எரிபொருளையும் எஞ்சினையும் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் விசையைக் குறைத்து, இறக்கையின் ஃபிளாப்களைப் படிப்படியாக இறக்க வேண்டும். கடைசி இருபது அடியில் மூக்கை மெல்லத் தூக்கி, சக்கரம் தரையைத் தொடும் தருணத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். ஒருநாள் பயிற்றுநர் விமானத்தை நிறுத்தச் சொல்லி, "ஒரே ஒரு சர்க்யூட், போய்ட்டு வா" என்று இறங்கிக்கொள்கிறார். வலப்பக்க இருக்கை காலியாகிறது. அப்போது மாணவரின் இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. எந்தத் திறமைசாலிக்கும் இது நேரும்.

இந்த உடல்மாற்றம் கெட்ட சகுனம் ஒன்றுமில்லை. முக்கியமான வேலை ஒன்று வருகிறது என்று மூளை கணிக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது, தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் போகிறது, கவனம் கூர்மைப்படுகிறது. ஆனால் கூர்மைப்படுவதற்கு ஒரு விலை உண்டு. உளவியலாளர் ஜே. ஏ. ஈஸ்டர்புரூக் 1959-ல் முன்வைத்த கருத்து இன்றும் பயன்படுகிறது: உணர்ச்சிக் கிளர்ச்சி கூடக்கூட நாம் கவனிக்கும் வட்டம் சுருங்குகிறது. முதலில் தேவையற்ற தகவல் வெளியே தள்ளப்படுகிறது, அது நல்லதுதான். வட்டம் மேலும் சுருங்கினால் தேவையான தகவலும் வெளியே போய்விடும். பிரான்சின் துலூஸ் நகரில் ஃபிரெடெரிக் தெஹே குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் பைலட்டுகளைச் சிமுலேட்டரில் அமர்த்தி, கடினமான காற்றுச் சூழலில் இறங்கவைத்து, இறங்குசக்கரம் பற்றிய எச்சரிக்கை மணியை ஒலிக்கவைத்தார்கள். சத்தம் தெளிவாக ஒலித்தும் கணிசமானவர்களுக்கு அது கேட்கவே இல்லை. காதில் குறையில்லை. கண்முன் இருந்த சிக்கல் கவனம் முழுவதையும் எடுத்துக்கொண்டதால், கேட்பதற்கு மனத்தில் இடமில்லை. பயிற்சி மாணவருக்கு டவர் அழைத்தது கேட்காமல் போவதும், ஓடுபாதையையே உற்றுப் பார்த்து வேகமானியை மறப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆகவே அஞ்ச வேண்டியது படபடப்பையல்ல, அது கவனத்தின் கடைசித் துளியையும் உறிஞ்சிவிடும் நிலையைத்தான்.

அப்படியானால் கவனத்தின் கொள்ளளவு எவ்வளவு? நெல்சன் கோவன் 2001-ல் பல சோதனைகளைத் தொகுத்து, ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்கக்கூடியவை ஏறத்தாழ நான்கு உருப்படிகளே என்று காட்டினார். சர்க்யூட்டில் கவனிக்க வேண்டியவை அதைவிட இருமடங்குக்கும் மேல். பிறகு எப்படி யாராலும் பறக்க முடிகிறது? பயிற்சி மனத்தின் கொள்ளளவைப் பெருக்குவதில்லை. வேலையின் சுமையைக் குறைக்கிறது. பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967-ல் திறன் கற்றலை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வொரு செயலையும் சொல்லிச் சொல்லிச் செய்கிறோம். இரண்டாவதில் செயல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. மூன்றாவதில் கை தானாகச் செய்கிறது. மனம் வேறொன்றைக் கவனிக்க விடுபடுகிறது. ஏறும் வேகத்தைச் சரிசெய்ய யோசிக்க வேண்டியிராத மாணவருக்கு டவரின் குரல் கேட்கும். செக்லிஸ்ட் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் தேர்ந்த சோதனை பைலட். கட்டுப்பாட்டுத் தகடுகளைப் பூட்டிவைத்திருந்த பூட்டை விடுவிக்க மறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு நினைவை நம்பாமல், செய்ய வேண்டியதை எழுதிவைத்துப் படித்துச் செய்யும் வழக்கம் வேரூன்றியது. தேர்ந்தவருக்கே சுமை மிஞ்சும் என்றால், பத்திருபது மணி நேரம் பறந்த மாணவர் திணறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அனுபவம் வந்தால் பயம் போய்விடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அளந்து பார்த்தவர்கள் கண்டது இன்னும் நுட்பமானது. வால்டர் ஃபென்ஸும் சீமோர் எப்ஸ்டைனும் 1967-ல் பாராசூட் வீரர்களின் இதயத் துடிப்பு, மூச்சு, தோலின் மின்கடத்தல் ஆகியவற்றை விமானத் தளத்துக்கு வருவது முதல் குதிக்கும் தருணம் வரை பதிவுசெய்தார்கள். புதியவர்களுக்குக் கிளர்ச்சி ஏறிக்கொண்டே போய்க் குதிப்பதற்குச் சற்றுமுன் உச்சத்தைத் தொட்டது. அனுபவசாலிகளுக்கும் கிளர்ச்சி ஏறத்தான் செய்தது. ஆனால் அது முன்கூட்டியே உச்சம் தொட்டு, குதிக்கும் தருணம் நெருங்க நெருங்க இறங்கியது. அதாவது அனுபவம் பயத்தை அழிக்கவில்லை, அதன் நேரத்தை மாற்றியது. இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு: அதிகம் பயந்தவர்கள் இடையிலேயே விலகியிருக்கலாம், எஞ்சியவர்கள் இயல்பிலேயே நிதானமானவர்களாக இருக்கலாம். இரு வேறு குழுக்களை ஒப்பிடும் ஆய்வில் இந்த ஐயத்தை முற்றிலும் நீக்க முடியாது. ஆனால் ஃபென்ஸ் 1972-ல் இன்னொருவரோடு செய்த ஆய்வில், திறமையாகக் குதிப்பவர்களிடம் இந்த முன்-உச்ச வடிவமும், சரியாகக் குதிக்காதவர்களிடம் ஏறிக்கொண்டே போகும் வடிவமும் தெரிந்தன. முக்கியமானது பயத்தின் அளவைவிட அது எப்போது தணிகிறது என்பதே. பறப்பதற்கு முந்தின இரவு தூக்கம் வராத மாணவர், ஓடுபாதையில் விமானத்தை நேராக்கியதும் அமைதியானால், அவர் சரியான திசையில்தான் போகிறார்.

முதல் சோலோவின் படபடப்புக்கு மனம் மட்டும் காரணமில்லை. விமானமே உண்மையில் மாறிவிடுகிறது. பயிற்சிக்குப் பெயர்பெற்ற செஸ்னா 152-ன் அதிகபட்ச எடை 757 கிலோ. பயிற்றுநர் இறங்கினால் சுமார் 70 கிலோ குறைகிறது. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கியதும் ஸ்கூட்டர் சீறிக்கொண்டு பாய்வதுபோல, விமானம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் எழும்பி, வேகமாக உயரம் ஏறி, 1,000 அடியை முன்கூட்டியே தொட்டுவிடுகிறது. இறக்கை தன் தூக்குவிசையை இழந்து தொய்யும் வேகத்தை ஸ்டால் வேகம் என்பார்கள். அது எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், எடை பத்து விழுக்காடு குறைந்தால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறையும். மாணவர் பழகிய அதே வேகத்தில் இறங்க வந்தால் விமானத்திடம் தேவைக்கு மேல் ஆற்றல் இருக்கும். போதாக்குறைக்கு, தரையிலிருந்து ஓர் இறக்கையளவு உயரத்துக்குள் வந்ததும் காற்றின் இழுவை குறைந்துவிடுகிறது. விமானம் தரையைத் தொடாமல் ஓடுபாதை மேலேயே மிதந்துகொண்டு போகிறது. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், மாணவரின் மூளை தன் கணிப்பு பிழைத்ததை ஆபத்து என்று படித்து, அவசரமாக விமானத்தைத் தரையில் அழுத்தப் பார்க்கும். முன்கூட்டிச் சொன்னால் அதே மிதப்பு எதிர்பார்த்த செய்தியாகிவிடும். இயற்பியலை விளக்கும் ஐந்து நிமிடம், தைரியம் சொல்லும் ஒரு மணி நேரத்தைவிடப் படபடப்பைக் குறைக்கும்.

மணிக்கணக்கு ஏன் சரியான அளவுகோல் இல்லை? 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவின் முதல் பைலட் உரிமத்தைப் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, பயிற்றுநரோடு மூன்றரை மணி நேரம் மட்டுமே பறந்துவிட்டுத் தனியே பறந்தவர். இன்றைய மாணவர்களுக்குப் பொதுவாக அதைப்போலப் பல மடங்கு தேவைப்படுகிறது. அதனால் இன்றைய பிள்ளைகள் மந்தம் என்று சொன்னால் அது அநியாயம். அன்றைய சிறு விமானத்தில் ரேடியோ இல்லை, ஃபிளாப் இல்லை. வானத்தில் வேறு விமானமும் அனேகமாக இல்லை. கவனத்தைக் கேட்கும் வேலைகளே குறைவு. அதோடு, கற்றல் சீராக ஏறும் கோடும் அல்ல. வில்லியம் பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் 1890-களில் தந்தி இயக்குபவர்களை ஆராய்ந்தபோது, முன்னேற்றம் சில வாரங்கள் ஒரே மட்டத்தில் தேங்கி, பிறகு மறுபடி ஏறுவதைக் கண்டார்கள். எழுத்து எழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கப் பழகும் இடைக்காலம் அது. இறங்கப் பழகும் மாணவரிடமும் இந்தத் தேக்கம் தெரியும். நேற்று நன்றாக இறங்கியவர் இன்று மூன்று முறை துள்ளுவார். தனித்தனிச் செயல்கள் ஒன்றாகக் கோக்கப்படும் நேரம் அதுவாக இருக்கலாம். "கூடப் படித்தவன் பன்னிரண்டு மணியில் சோலோ போய்விட்டான்" என்ற ஒப்பீடு, ஏற்கெனவே நிரம்பி நிற்கும் மனத்தில் இன்னொரு சுமையை ஏற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

பயப்படுகிறவரை முதலிலேயே விலக்கிவிடுவதுதானே பாதுகாப்பு என்று கேட்பவர்கள் உண்டு. பின்னாளில் நூற்றுக்கணக்கான பயணிகளைச் சுமக்கப் போகிறவர் என்பதால் அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. இதற்குச் சான்றாக யெர்க்ஸ்–டாட்சன் விதியைக் காட்டுவார்கள்: பதற்றம் ஓர் அளவுக்கு மேல் போனால் செயல்திறன் சரியும் என்பது. 1908-ல் யெர்க்ஸும் டாட்சனும் சோதித்தது எலிகளை. வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறிய மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அந்தச் சோதனையிலேயே அதிகம் பேசப்படாத ஒரு முடிவு உண்டு: வேலை கடினமாக இருந்தபோதுதான் கடும் அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது, எளிதாக இருந்தபோது அப்படிக் கெடுக்கவில்லை. எலியிலிருந்து பைலட்டுக்கு நேராகத் தாவுவது சரியில்லை. அப்படித் தாவினாலும் அது சொல்லும் பாடம் ஆளை விலக்கு என்பதல்ல, வேலையை எளிதாக்கு என்பதே. உண்மையான அபாயக் குறிகள் வேறு: கட்டளையைக் கேட்டும் கை உறைந்து நிற்பது, தவறான இறக்கத்தை விட்டு மேலே ஏற மனம் வராதது, தன் பிழையை மறைப்பது. இவை தொடர்ந்தால் நிறுத்திச் சீராக்கத்தான் வேண்டும். சிலருக்கு இந்தத் தொழில் பொருந்தாமலும் போகலாம். பயத்தையே குற்றமாக்கினாலோ மாணவர்கள் அதை ஒளிக்கப் பழகுவார்கள். ஒளித்த பயத்தைப் பயிற்றுநரால் அளக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இன்னொரு மறுப்பு காலத்துக்கேற்றது. தபஸ் போன்ற ஆளில்லா விமானங்கள் தாமாகவே எழும்பி இறங்கும் காலத்தில், சிமுலேட்டர்கள் நிஜத்தைப்போல் இருக்கும் காலத்தில், தனியாளை ஆபத்தில் அனுப்பும் இந்தப் பழைய சடங்கு எதற்கு? சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே 2006-ல் மல்டி-க்ரூ பைலட் உரிமம் என்ற புதிய வகையை ஏற்று, சிமுலேட்டர் பயிற்சிக்கு அதிக இடம் கொடுத்தது. இதில் உண்மை இருக்கிறது. எஞ்சின் தீப்பிடிப்பது போன்றவற்றைச் சிமுலேட்டரில்தான் பழக வேண்டும். வானத்தில் பழகிப் பார்ப்பது மடமை. ஆனால் சோலோ கற்பிப்பது வேறொன்று. பக்கத்தில் பயிற்றுநர் இருக்கும்வரை, இறக்கம் நன்றாக அமைந்தால் அதில் யாருடைய கைக்கு எவ்வளவு பங்கு என்பது மாணவருக்கே தெளிவாகத் தெரியாது. ஆபத்து வந்தால் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பதை மூளையும் கணக்கில் எடுத்துக்கொண்டே இயங்குகிறது. தனியே இருக்கும்போதுதான் "இந்த இறக்கம் சரியில்லை, மறுபடி சுற்றி வருகிறேன்" என்ற முடிவு முழுக்க அவருடையதாகிறது. எத்தனை முறை மென்மையாக இறங்கினார் என்பதைவிட, யாரும் சொல்லாமல் எத்தனை முறை தானே கோ-அரவுண்ட் முடிவெடுத்தார் என்பது தயார்நிலைக்கு நம்பகமான அடையாளம். அந்த முடிவை எடுக்கத் தேவைப்படுவது மிச்சமிருக்கும் கவனம்தான். தானியங்கி ஒருநாள் கைவிடும்போது பைலட்டிடம் எஞ்சியிருக்க வேண்டியதும் இதுவே.

சான்றுகள் இன்னொரு பக்கமும் கைகாட்டுகின்றன. முதல் சோலோ பெரும்பாலும் நல்ல வானிலையில், பழகிய ஓடுபாதையில், தரையிலிருந்து பயிற்றுநர் கண் எடுக்காமல் பார்த்திருக்க நடக்கிறது. பயம் உச்சத்தில் இருக்கிறது. பாதுகாப்பும் உச்சத்தில் இருக்கிறது. அதற்குப் பிந்தைய மாதங்களில் பயம் வேகமாக இறங்குகிறது. திறமை அதே வேகத்தில் ஏறுவதில்லை. பால் கிரெய்க் 2001-ல் எழுதிய புத்தகம் 50 முதல் 350 மணி நேர அனுபவம் உள்ளவர்களிடையே உயிர்பறிக்கும் விபத்துகள் குவிவதைச் சுட்டிக்காட்டியது. அந்த அனுபவ அளவில் பறப்பவர்களே எண்ணிக்கையில் அதிகம், அதனால் விபத்தும் அதிகமாகத் தெரியும் என்று எதிர்வாதம் எழுந்தது. அந்த எதிர்வாதம் சரியானதே. அமெரிக்க விமான நிர்வாகத்தின் ஆய்வாளர் வில்லியம் நெக்ட் 2013-ல் விபத்து விகிதத்தை வைத்துக் கணக்கிட்டபோது, ஆபத்து 350 மணியோடு நின்றுவிடாமல் இன்னும் நெடுந்தூரம் மெல்லச் சரிந்துபோவதைக் கண்டார். இதனால் எச்சரிக்கை வலுவிழக்கவில்லை. அதன் காலம் நீள்கிறது. இந்தியாவில் வணிக பைலட் உரிமத்துக்குத் தேவை 200 மணி நேரம். அதாவது உரிமம் கைக்கு வரும்போதும் அவர் அந்தச் சரிவின் மேற்பகுதியிலேயே நிற்கிறார். ஆகவே படபடப்பு மறைந்த நாளைப் பயிற்சி முடிந்த நாளாக எண்ணக் கூடாது.

இவை எல்லாவற்றையும் எடைபோடுவது பயிற்றுநரின் கண். சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரத்தில் இருக்கும் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இதற்கான உயிருள்ள சான்று. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் தாம்பரத்துக்கு வந்த அந்தப் பள்ளி, ஏற்கெனவே பறக்கத் தெரிந்த பைலட்டுகளுக்குக் கற்பிக்கக் கற்றுத்தருகிறது. விமானப்படையோடு ராணுவம், கடற்படை, கடலோரக் காவல்படை, நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே பயில்கிறார்கள். நன்றாகப் பறப்பதும் நன்றாகப் பறக்கக் கற்பிப்பதும் வெவ்வேறு திறன்கள் என்பதை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் பக்கத்து ஊரே ஏற்று நடத்திவருகிறது. சிவில் விமானப் பயிற்சியிலும் இந்த ஏற்பு ஆழமாக வேண்டும். இந்திய விமான நிலைய ஆணையம் புதிய பறப்புப் பள்ளிகளுக்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் சேலமும் ஒன்று. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பிள்ளைகள் அடுத்த மாநிலமோ வெளிநாடோ போகாமல் கற்கும் வாய்ப்பு கூடுகிறது. விமானங்களும் ஓடுபாதையும் வந்தால் மட்டும் போதாது. மாணவரின் மிச்சக் கவனத்தைப் படிக்கத் தெரிந்த பயிற்றுநர்கள் வர வேண்டும். டவரோடு பேசும்போது மாணவரின் உயரம் தடுமாறுகிறதா, எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டால் கை நின்றுவிடுகிறதா என்று சர்க்யூட்டின் நடுவே சோதித்துப் பார்ப்பவர்களாக அவர்கள் இருக்க வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பள்ளியிடம் கேட்க வேண்டியவை இதிலிருந்து தெளிவாகின்றன. எத்தனை மணி நேரத்தில் சோலோ அனுப்புவீர்கள் என்று கேட்பதைவிட, எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு மாணவர் "இன்று வேண்டாம், நாளைக்குப் போகிறேன்" என்று சொன்னால் அது அவர் பதிவேட்டில் குறையாக எழுதப்படுமா என்று கேளுங்கள். சோலோவுக்குப் பிந்தைய மாதங்களில் பயிற்றுநரோடு மறுபடி பறந்து சோதிப்பது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்றும் கேளுங்கள். மாணவருக்குச் சொல்ல வேண்டியதோ இன்னும் எளிது. கை நடுங்குவது நீங்கள் தகுதியற்றவர் என்பதற்குச் சான்றில்லை. செய்யப் போவதன் கனத்தை உங்கள் உடல் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவே. அந்த நடுக்கத்தோடும் வேகமானியைப் பார்க்க முடிகிறதா, டவரின் குரல் கேட்கிறதா, சரியில்லை என்று தோன்றினால் மறுபடி மேலேறிச் சுற்றிவர மனம் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நீங்கள் தயார். ஏதாவது ஒன்றுக்கு இன்னும் இல்லை என்றால், பயிற்றுநரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொல்லக்கூடிய மாணவரையும், சொன்னதைக் கேட்டு இன்னொரு நாள் கொடுக்கும் பயிற்றுநரையும் உருவாக்குவதே நல்ல பறப்புப் பள்ளியின் வேலை.